கராத்தே பழகுகிறவர்கள் கால் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் சேலம் அஸ்தம்பட்டித் தெருவில் பிள்ளைகள் மொட்டை மாடியில்தான் கராத்தே பழகுகிறார்கள். பழகட்டும், நல்லதுதான். மூச்சுத் திறன் கூடும், இடுப்பு வலுக்கும், ஒற்றைக் காலில் நிற்கிற நிதானம் வரும். 40 வயதில் சேர்ந்த எனக்கே மாடிப்படி ஏறினால் இரைப்பது குறைந்தது.

ஆனால் முட்டி பத்திரம். மவாஷி கெரி என்கிற சுற்று உதையில், தரையில் ஊன்றிய காலும் சேர்ந்து திரும்ப வேண்டும். வெறுங்கால் வியர்த்துத் தரையில் ஒட்டிக்கொண்டால் உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் முறுக்கு வாங்குவது முட்டிதான். நான் 3 வாரம் நொண்டியது இப்படித்தான். குதிகாலை ஒரு நூல் தூக்கி, முன்பாதத்தில் சுழலுங்கள். உதை விழும்போது ஊன்றிய குதிகால் எதிராளியைப் பார்த்திருந்தால் சரி.

சிமெண்டுத் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால், ஓடு உடைப்பது இதெல்லாம் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். மாஸ்டர் சொன்னாலும் வேண்டாம். விரல் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. சண்டைப் பயிற்சிக்குப் பல் காப்பு கட்டாயம். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால், குமட்டினால், பயிற்சியை நிறுத்திவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.

சித்திரை வெயிலில் சாயங்காலம் 5 மணிக்கும் மாடி கொதிக்கும். காலை 6 மணி வகுப்பே மேல். ஏற்காட்டில் நேர்மாறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் உடம்பு சூடேறாமல் உயர உதைத்தால் தொடை பிடித்துக்கொள்ளும்.

கால் நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள், எதிரில் நிற்பவருக்காக.