சிசிடிவி கேமரா வயர் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

கேமராவுக்கு யோசிக்காம காசு குடுப்போம், வயர்னு வந்தா மட்டும் "கம்மி ரேட்ல எது இருக்கோ அத குடுங்கண்ணே"ன்னு கேப்போம். நானும் அப்படித்தான் வாங்குனேன், கேட்டுல மாட்டுன கேமரா பகல்லாம் சூப்பரா தெரியும், இருட்டுனா போதும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகும், கேமராதான் போச்சுன்னு அதையும் மாத்திப் பாத்தேன், புதுசும் அதே கூத்து. ராத்திரி இருட்டுல படம் தெரியறதுக்கான ஐஆர் (இன்ஃப்ராரெட்) லைட் எரிஞ்சா கேமரா கரண்ட் அதிகமா இழுக்கும், வயர் மெல்லிசுன்னா போற வழிலயே வோல்டேஜ் இறங்கிடும். நல்ல காப்பர் 0.5 ஸ்கொயர் எம்எம் வயர்லயே 60 மீட்டர் தூரத்துல அரை ஆம்பியர் இழுத்தா 2 வோல்ட்டுக்கு மேல கொறஞ்சிடும், 12 வோல்ட் விட்டா அந்தப் பக்கம் பத்துக்கும் கீழ. நான் வாங்குனது காப்பர் முலாம் பூசுன அலுமினியம், சிசிஏன்னு சொல்லுவாங்க, அதுல இன்னும் மோசம்.

கடையில கம்பி நுனிய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா காப்பர் இல்ல.

டிவிஆர் (கேமரா படத்த பதிவு பண்ற பெட்டி) சிஸ்டம்னா 3+1 கேபிள், வீடியோவுக்கு ஒரு கோஆக்ஸியல் (நடுவுல ஒரு கம்பி, அத சுத்தி வலைக்கம்பி இருக்கற வயர்), பவருக்கும் ஆடியோவுக்கும் மெல்லிசா மூணு வயர், எல்லாம் ஒரே உறைக்குள்ள வரும். தூரம் ஜாஸ்தின்னா அந்த மெல்லிசு வயர நம்பாதீங்க, பவருக்கு தனியா தடியான வயர் இழுங்க, இல்லன்னா கேமரா பக்கத்துலயே அடாப்டர் வெச்சிடுங்க. நெட்வொர்க்ல ஓடற ஐபி கேமரான்னா சுத்த காப்பர் கேட்6 நெட்வொர்க் கேபிள், பிஓஇ சுவிட்ச்ல (நெட்வொர்க் வயர்லயே பவரும் அனுப்பற பெட்டி) இருந்து கேமரா வரைக்கும் 100 மீட்டர்தான் கணக்கு, டேட்டா பவர் ரெண்டும் அதுலயே போயிடும்.

கோஆக்ஸியல் முனையில மாட்டற பிஎன்சி கனெக்டர்ல ஸ்க்ரூ டைப் வேணாம், கொஞ்ச நாள்ல லூஸாகும். டூலால அழுத்தி இறுக்கற கிரிம்ப் டைப் போடுங்க, டூல் இல்லன்னா சின்ன வயரோட மோல்ட் பண்ணி வர்றத வாங்கி சால்டர் வெச்சிடுங்க. நடுக்கம்பிய வெட்டும்போது சுத்தி இருக்கற வலைக்கம்பில ஒரே ஒரு இழை நடுவுல தொட்டாலும் ஷார்ட்டுதான், படமே வராது, அந்த முடி மாதிரி இழைய தேடி நான் ஒரு ஞாயித்துக்கிழமைய தொலைச்சேன். கேட்6 முனையில மாட்டற ஆர்ஜே45 பிளக்குல ரெண்டு முனையும் ஒரே ஆர்டர்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.

வெளிய போடற கனெக்டர டேப் மட்டும் சுத்தி விட்றாதீங்க, ஒரு மழைக்கு பவர் போற டிசி பின் பச்சை பூத்துடும். கேமராவுக்குப் பின்னாடி ஒரு பிவிசி பாக்ஸ் அடிச்சு எல்லாத்தையும் அதுக்குள்ள விடுங்க, வயர் பாக்ஸுக்கு கீழ்ப்பக்கமா நுழையட்டும், நுழையற முன்னாடி கொஞ்சம் தொங்க விட்டீங்கன்னா தண்ணி அங்கயே சொட்டிடும். அப்புறம் அந்த பாக்ஸ்லயே ஒரு அடி வயர் சுருட்டி வைங்க, பின்ன மாத்தும்போது ஏணி மேல நின்னுக்கிட்டு வயர் எட்டலன்னு முழிக்க வேணாம்.