லயத்து மழைமானி: குழுக்கள் விடும் பிழைகள்

மண்சரிவுக்கு முந்திக்கொள்ள, இலங்கை மலையகத் தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இளைஞர் குழுக்கள் சோடா போத்தலில் மழைமானி செய்து வைக்கின்றன. நல்ல வேலைதான். ஆனால் பிழையாக அளக்கும் மானி, மானியே இல்லாததைவிட ஆபத்தானது. "இன்னும் விழிப்பு அளவான 75 மில்லிமீற்றர் ஆகவில்லை" என்று மேட்டு லயத்தையே தூங்க வைத்துவிடும்.

பிழை போத்தலிலேயே தொடங்குகிறது. இடுப்பு ஒடுங்கிய போத்தல் உதவாது. பக்கங்கள் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் போத்தலின் தலைப்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, அதையே தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் குறிக்க வேண்டும். அதற்கு மேலே பாடசாலை அடிமட்டத்தின் அளவே மழையின் அளவு. கடைப் புனல் வைத்தால் கணக்குக் கெடும்: புனலின் வாய் 10 சென்ரிமீற்றர், போத்தல் 5 சென்ரிமீற்றர் என்றால் 25 மில்லிமீற்றர் மழை 100 என்று காட்டும்.

கூரை ஓரத்திலும் நிழல் மரத்தடியிலும் வைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, கம்பம் நட்டுக் கட்டுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். பல குழுக்கள் சறுக்குவது இந்த "24 மணித்தியாலத்தில்"தான். இரவு 2 மணியிலிருந்து காலை 8.30 வரை 70 பெய்தது. குறித்துக்கொண்டு மானியைக் கொட்டியாயிற்று. பகல் ஒரு மணிக்குள் இன்னும் 80. மானி 80 என்கிறது, மலையோ 150ஐக் குடித்துவிட்டது. ஆகவே கொட்டிய நேரத்தையும் அளவையும் கொப்பியில் எழுதி, கடைசி 24 மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள். கடும் மழையில் மணிக்கொரு முறை, இரவிலும் முறைவைத்துப் பார்க்க வேண்டும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் இறங்கியது காலை எட்டு மணிக்கு முன்பு.

நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்தல், பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நிற்றல்: இவற்றில் எதைக் கண்டாலும் இலக்கத்துக்குக் காத்திருக்கக் கூடாது. வெளியேறிவிட்டு இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

இக்குழுக்கள் செய்யும் கான் (வடிகால்) துப்புரவிலும் ஒரு பிழை உண்டு. வாரிய மண்ணைக் கானின் ஓரத்திலேயே குவிக்கிறார்கள். அடுத்த மழைக்கு அது திரும்பக் கானுக்குள்தான் வரும். மேல்கான் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கும்.

மரநடுகையில் நாள் முக்கியம். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை கிடைப்பதால் உலகச் சுற்றாடல் தினமான ஜூன் 5இல் நட்ட கன்று பிழைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அது வரட்சியும் காற்றுமான காலத்தின் தொடக்கம். படம் எடுத்துக்கொள்ளலாம், கன்று மிஞ்சாது. அங்கே ஒக்டோபர் மழை பிடித்த பிறகு நடுங்கள். எங்கே நட்டாலும் ஊற்றுக்கண்ணுக்கு அருகில் யூக்கலிப்டஸ் வேண்டாம். தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும்.