பொன்னியின் செல்வனை மின்வாசிப்பானில் சரியாக ஏற்றுவது எப்படி

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், 293 அத்தியாயம். இரவில் படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு அச்சுப் புத்தகத்தின் கனம் மணிக்கட்டை ஒரு கை பார்த்துவிடும். கிண்டில், கோபோ போன்ற ஆறு அங்குல வாசிப்பானில் ஐந்து பாகமும் ஒரே கையில் அடங்கும். கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் கோப்பை இலவசமாகவும் சட்டப்படியும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் கிடைத்த முதல் கோப்பை அப்படியே ஏற்றிவிட்டு, "தமிழ் படிக்க கிண்டில் லாயக்கில்லை" என்று மூட்டை கட்டி வைப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கோளாறு கோப்பில்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் அதைச் சரி செய்துவிடலாம்.

முதலில், பிடிஎஃப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9. பக்கம் முழுவதும் திரைக்குள் சுருங்கும்போது 12 புள்ளி எழுத்து 5 புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். அந்த அவஸ்தையோடு யாரும் 293 அத்தியாயம் படிக்க மாட்டார்கள்.

வேண்டியது ஈபப், அதாவது திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகள் தாமே மடங்கும் மின்னூல் கோப்பு. இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நூலின் முகப்புப் பக்கத்தைத் திறந்து பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் ஈபப்பாகவே கிடைக்கும். தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் யுனிகோடு வலைப்பக்கங்களாக உள்ள நூல்களைச் சேமித்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்றைய எழுத்தாளர்கள் பொது உரிமத்தில் தரும் நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் நல்ல இடம்; ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் அங்கே உண்டு.

தேடும் நாவல் பிடிஎஃப்பாக மட்டுமே கிடைக்கிறதா? மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கொம்பு முன்னால் நின்று "ெகாடி" என்று, நடுவில் புள்ளி வட்டங்களோடு வந்தால் சிக்கல் வேறு. யுனிகோடில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி பிறகு. பல பிடிஎஃப்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வடிவங்களை வைத்திருக்கும். அதைக் காலிபர் என்ற மின்னூல் மாற்று மென்பொருளில் போட்டால் புத்தகம் முழுக்க இதே அலங்கோலம்தான். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அவை வெறும் படங்கள். பின்னிரண்டுக்கும் வழி ஒன்றே: பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்துணரச் செய்வது. அதன்பின் மெய்ப்பு பார்க்காமல் விடாதீர்கள். ரகரமும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். பக்க எண்கள் வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இனி காலிபர். கணினிக்கான இலவச மென்பொருள். ஈபப்பை அதில் சேர்த்து நூல் விவரங்கள் இருக்கும் 'எடிட் மெட்டாடேட்டா'வைத் திறந்து, மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா பாருங்கள். பல கோப்புகளில் ஆங்கிலம் என்றோ வெறுமையாகவோ இருக்கும். மொழியைப் பார்த்துத்தான் கிண்டில் எழுத்துருப் பட்டியலைக் காட்டுகிறது.

அடுத்தது பொருளடக்கம். இவ்வளவு பெரிய நாவலுக்கு இதுதான் உயிர்நாடி. காலிபர் அத்தியாயங்களைத் தேடும்போது தலைப்பில் 'சாப்டர்', 'பார்ட்' போன்ற ஆங்கிலச் சொற்களைத்தான் தேடும். 'ஆடித்திருநாள்' என்ற தலைப்பு அதன் கண்ணில் படாது. எனவே 'கன்வர்ட் புக்ஸ்' சன்னலில் 'ஸ்ட்ரக்சர் டிடெக்‌ஷன்' பகுதிக்குப் போய், அத்தியாயத்தைக் கண்டுபிடிக்கும் வரிக்குப் பக்கத்திலுள்ள மந்திரக்கோல் படத்தை அழுத்தி, குறிச்சொல்லாக எச்2வை (இரண்டாம் நிலைத் தலைப்பின் குறி) தேர்ந்தெடுங்கள். சில கோப்புகளில் தலைப்பு எச்1 அல்லது எச்3ஆக இருக்கும். 'எடிட் புக்'கில் திறந்தால் தெரிந்துவிடும். தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக மட்டும் இருந்து, ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கோப்பாக இருந்தால், அதே 'எடிட் புக்'கில் பொருளடக்கக் கருவியைத் திறந்து கோப்புகளிலிருந்து உருவாக்கச் சொல்லுங்கள்.

'லுக் அண்ட் ஃபீல்' பகுதியில் ஒரே ஒரு மாற்றம் போதும்: வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் இரு பக்கமும் சமன் செய்தால் வரிக்கு மூன்று சொல் நின்று, நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். வரி இடைவெளியையும் வாசிப்பானில் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். மேலே இகர விசிறியும் கீழே உகரச் சுழியும் உரசாமல் இருக்கும். கோபோவில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், காலிபரின் எழுத்துருப் பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழைப் புத்தகத்துக்குள்ளேயே பொதித்து மீண்டும் மாற்றுங்கள்.

கிண்டிலுக்கு அனுப்ப 'சென்ட் டு கிண்டில்' தளத்தில் ஈபப்பை இழுத்துப் போட்டால் போதும். 200 எம்பி வரை ஏற்கும். மின்னஞ்சல் வழியென்றால் 50 எம்பிதான். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் முகவரியை அமேசான் கணக்கில் அனுமதிக்கப்பட்டோர் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்திருக்கவும் வேண்டும். இ999 என்ற பிழை வந்தால் காலிபரில் ஈபப்பை ஈபப்பாகவே ஒருமுறை மாற்றி மறுபடி அனுப்புங்கள், பிழை பெரும்பாலும் போய்விடும். யுஎஸ்பி வழியே ஈபப்பை நகலெடுத்தால் கிண்டில் கண்டுகொள்ளாது. கிண்டிலின் சொந்தக் கோப்பு வகையான ஏஇசட்டபிள்யூ3ஆக மாற்றி 'டாக்குமென்ட்ஸ்' உறையில் போட வேண்டும்.

யுஎஸ்பி வழி ஏற்றிய நூலில் நீங்கள் இடும் அடிக்கோடுகள் கைப்பேசிக்கு வராது. 'சென்ட் டு கிண்டில்' வழி வந்த நூலில் வரும். வாட்சப்பில் நாலு பேர் சேர்ந்து படித்துப் பேசுகிறவர்கள் என்றால் இது முக்கியம், பிடித்த வரியைக் கைப்பேசியிலிருந்தே எடுத்து அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது கிண்டில் காட்டும் இட எண்ணையோ விழுக்காட்டையோ சொல்லாமல் பாகத்தையும் அத்தியாயத்தையும் சொல்லுங்கள். ஒருவர் ஐந்து பாகத்தையும் ஒரே கோப்பாக வைத்திருப்பார், இன்னொருவர் தனித்தனியாக. உங்கள் 40 விழுக்காடு அவருக்கு வேறு பாகத்தில் போய் நிற்கும்.