பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளை மீண்டும் கேட்க: குறைந்த செலவில் டர்ன்டேபிள் அமைக்கும் முறை

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இசைத்தட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. அவற்றைச் சுழற்றிய பெட்டிதான் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் ரிக்கார்டு கேட்டுப் பழகி, இப்போது மீண்டும் தொடங்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். டர்ன்டேபிள், ஸ்பீக்கர் இரண்டுக்கும் சேர்த்து 30,000 ரூபாயை மேல்வரம்பாக வைத்துக்கொள்கிறேன். தட்டின் மேல் ஊசியை வைப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்ததே என்பதால் அதற்குள் போகவில்லை.

முதலில் தட்டுகளைப் பிரியுங்கள்

எந்தக் கருவியை வாங்குவது என்பதைக் கையிலிருக்கும் தட்டுகளே முடிவு செய்கின்றன. கனமாகவும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடைவதாகவும் இருப்பவை அரக்குக் கலவையில் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலமானது. எல்பி எனப்படும் பெரிய வினைல் தட்டுக்கான ஊசி முனையைவிட மூன்று மடங்குக்கும் மேல் பருத்த முனை அதற்கு வேண்டும். 1948-இல் வந்த எல்பி 33⅓ சுற்றிலும், அடுத்த ஆண்டு வந்த சிறிய தட்டு 45 சுற்றிலும் ஓடுபவை. எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ முத்திரையுள்ள திரைப்பாடல் தட்டுகள்தான் உங்களிடம் அதிகம் என்றால், 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே போதும். நான்கைந்து 78 தட்டுகளுக்காக இரு மடங்கு விலையில் கருவி வாங்குவது வீண் என்பது என் கருத்து.

நம் பகுதியில் கைமாறும் தட்டுகளில் பல, மைக்செட்காரர்களிடமிருந்து வந்தவை. திருவிழாவிலும் கல்யாணத்திலும் கனமான ஊசிக்கையின் கீழ் ஓயாமல் ஓடியவை அவை. இத்தகைய தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருமை மங்கிச் சாம்பல் பூத்தது போல் தெரிந்தால் பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது என்று பொருள்; கீறல் 'டிக், டிக்' என்ற சத்தத்தோடு போய்விடும், ஆனால் தேய்மானம் குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரப்பாக ஒலிக்கும். அதற்கு மருந்து கிடையாது. காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு தேடப் போகிறவர்கள், கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரு பக்கமும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

கழுவும்போது ஊர்த் தண்ணீரை நம்ப வேண்டாம். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்துக்குள் உப்புப் படிந்து, கழுவியதே கெடுதலாகிவிடும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மீண்டும் ஒருமுறை அலசி, நிழலில் நிற்கவைத்து உலர்த்தினால் போதும். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் கலந்த திரவங்களை 78 தட்டில் படவே விடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும்.

எந்தக் கருவி

சூட்கேஸ் வடிவில், உள்ளேயே ஸ்பீக்கரோடு விற்கப்படும் மலிவுக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதியான காட்ரிட்ஜ், அவற்றில் பெரும்பாலும் செராமிக் வகையாக இருக்கும். அது ஊசியை 5 கிராம் அளவுக்குத் தட்டின் மேல் அழுத்தும். நல்ல மேக்னெட் காட்ரிட்ஜுக்கு 2 முதல் 3 கிராம் போதும். எச்எம்வி ஃபியஸ்டா போன்ற பழைய பெட்டி வீட்டில் இருந்தால், நினைவுக்காகப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். நல்ல தட்டுகளை அன்றாடம் அதில் ஓட்ட வேண்டாம்.

என் தேர்வு ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். பொத்தானை அழுத்தினால் கை தானே எழுந்து தட்டில் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். ஊசியின் எடையை ஆலையிலேயே சரிசெய்து அனுப்புகிறார்கள். காட்ரிட்ஜ் தரும் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. காட்ரிட்ஜை மாற்ற முடியாது என்பது ஒரு குறைதான், ஆனால் தொடங்குகிறவருக்கு அது பெரிய இழப்பல்ல. இதனோடு எடிஃபயர் ஆர்1280டி போன்ற, ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தால் அமைப்பு முடிந்தது. புளூடூத் வசதிக்கென்று கூடுதல் பணம் தருவதைவிட அந்தப் பணத்தில் ஒரு மாற்று ஊசி வாங்கலாம்.

இணைப்பு: அதிகம் குழப்பும் படி

எனக்கு நெடுநேரம் பிடித்தது இந்தப் படியில்தான். பழைய பழக்கம் உள்ளவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். அந்தக் கால செராமிக் காட்ரிட்ஜ் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் மின்னழுத்தம் தந்ததால், அதை நேராக ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' என்ற பொது நுழைவில் செருகினாலே பாட்டு கேட்டது. மேக்னெட் காட்ரிட்ஜ் தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டைப் பதிக்கும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே பதித்தால் பள்ளம் அகலமாக வளைந்து தட்டில் இடம் போதாது, உயர்ந்த ஒலியைக் கூட்டாவிட்டால் அது உராய்வின் இரைச்சலில் மூழ்கிவிடும். 1954-இல் ஆர்ஐஏஏ என்ற பொது அளவாக ஏற்கப்பட்ட இந்த ஏற்ற இறக்கம், இரு கோடிகளிலும் ஏறத்தாழ 20 டெசிபல். போனோ பிரீஆம்ப் ஒலியைப் பெருக்குவதோடு இந்த ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கியும் தருகிறது.

எல்பி60எக்ஸின் பின்புறம் 'போனோ', 'லைன்' என்று ஒரு சிறு சுவிட்ச் உண்டு. 'லைன்' என்றால் உள்ளிருக்கும் பிரீஆம்ப் வேலை செய்யும்; 'போனோ' என்றால் செய்யாது. ஆக்ஸ் மட்டுமே உள்ள ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ என்றால் சுவிட்ச் 'லைன்' பக்கம் இருக்க வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரில் 'போனோ' என்றே தனி நுழைவு இருந்து, அதில் செருகினால் சுவிட்சும் 'போனோ' பக்கம் இருக்க வேண்டும். மாறினால் என்ன ஆகும் என்பதைக் காதாலேயே கண்டுகொள்ளலாம். வால்யூமை முழுக்க வைத்தும் பாட்டு எங்கோ தொலைவில், தாளமே இல்லாமல் சன்னமாகக் கேட்டால் பிரீஆம்ப் எங்குமே இல்லை. வால்யூமைச் சற்றுத் திருப்பியதும் பிளிறிக்கொண்டு, அடியொலி உப்பி, குரல் உடைந்தால் இரண்டு பிரீஆம்ப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. கருவி பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள்.

வைக்கும் இடம்

வீட்டுச் சுவரில் கடப்பைக் கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை, நடந்தால் அதிராது. ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள்: அதன் அதிர்வு ஊசிக்கு ஏறி, மீண்டும் ஸ்பீக்கருக்கே வந்து, வால்யூமைக் கூட்டும்போது ஊளையிடத் தொடங்கும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அக்கினி நட்சத்திர நாள்களில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் தட்டு நெளிந்துவிடும்.

எடையை நீங்களே சரிசெய்யும் வகைக் கருவி வாங்கியவர்களுக்கு: தட்டின் சுழற்சியை நிறுத்தி, ஊசியின் உறையைக் கழற்றி, பின்புற எடையைத் திருகி, ஊசிக்கை மேலும் போகாமல் கீழும் சாயாமல் காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில், எடையை அசைக்காமல், எண்ணிட்ட வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்தே திருப்பி, காட்ரிட்ஜ் தாளில் சொல்லியுள்ள அளவுக்குக் கொண்டுபோங்கள். ஏடி-விஎம்95இ காட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். குறைவான எடை தட்டைக் காப்பாற்றும் என்று நினைத்து 1 கிராமில் விடுகிறவர்கள் உண்டு. அப்போது ஊசி பள்ளத்துக்குள் தத்தித் தத்திச் சுவரை இடிப்பதால் தேய்மானம்தான் கூடும்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

"தட்டு சுற்றவே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்பி60எக்ஸில் பெல்ட், சுழல்தட்டின் அடியில் சிவப்பு நாடாவோடு தொங்கும். சுழல்தட்டிலுள்ள துளை மோட்டாரின் பித்தளைக் கப்பிக்கு நேரே வரும்படி திருப்பி, நாடாவைப் பிடித்துப் பெல்ட்டைக் கப்பியின் மேல் மாட்டிவிட்டு நாடாவை உருவிவிட வேண்டும். பிறகு கையாலேயே பத்துச் சுற்று சுற்றினால் பெல்ட்டின் முறுக்கு நீங்கும்.

அமெரிக்காவிலுள்ள மகள் கொடுத்தனுப்பிய பழைய டர்ன்டேபிளில் எல்லாப் பாட்டும் இழுத்துப் பாடுவதாக இன்னொருவர் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் ஆக்கினாலும் அலைவெண் மாறாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அலைவெண்ணுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், 33⅓ என்பது 28-க்கும் கீழே இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி கிடைத்தால் மாற்றலாம். அடாப்டரில் ஓடும் டிசி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாட்டுக்கு அடியில் 'உம்ம்' என்ற இரைச்சல் பற்றித்தான் கேள்விகள் அதிகம். டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய எர்த் கம்பி வந்தால் அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னாலுள்ள எர்த் திருகில் இறுக்குங்கள். சுவர் பிளக் பாயிண்டின் துளையில் அதைச் செருகும் வேலை வேண்டவே வேண்டாம். பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு உள்ளே எர்த் இணைப்பே இல்லாமல் இருப்பதுண்டு. கம்பியை இறுக்கியும் இரைச்சல் போகாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.