பொஸ்தகத்தை மூடி வெச்சுட்டு படிச்சுப் பாருங்க: பார்டர் பக்கத்துப் பசங்களுக்கு

கேரளா பாலக்காடு ஜில்லாவுல, தமிழ்நாட்டு பார்டரை ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் மீடியத்துல படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். நானும் இங்கதான் தமிழ் மீடியத்துல பத்தாவது முடிச்சேன், இப்ப சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில ஏழெட்டுப் பசங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கறேன்.

ஓணப் பரீட்சை (வருஷத்தோட முதல் டேர்ம் பரீட்சை) பேப்பர் கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் சொல்றது ஒண்ணுதான், "அக்கா, அந்தப் பாடத்தை நாலு தடவை படிச்சேன், ஹால்ல உக்காந்தா ஒண்ணுமே வரல." பொய் சொல்லல, நெசமாவே நாலு தடவை படிச்சிருப்பாங்க. ஆனா நாலு தடவையும் கண்ணுதான் ஓடியிருக்கும். பாத்துப் பாத்து அந்தப் பக்கம் பழகிப்போகுது, பழகினதும் தெரிஞ்சமாதிரி ஆயிடுது, பஸ்ல தெனமும் பாக்கற ஆளு மொகம் தெரியும் பேரு கேட்டா தெரியாதில்ல, அந்த மாதிரி.

அதனால முதல் வேலை, ஒரு தலைப்பை ஒரு தடவை நிதானமா படிங்க, பொஸ்தகத்தை மூடுங்க, ரஃப் நோட்டுல ஞாபகம் இருக்கறதை எல்லாம் எழுதுங்க. வரிசையா வரணும்னு இல்ல, அழகா இருக்கணும்னும் இல்ல, படம்னா கோணல்மாணலா வரைஞ்சாலும் போதும். அப்புறம் பொஸ்தகத்தைத் தொறந்து விட்டுப்போனதை மட்டும் செவப்புப் பேனாவுல சேத்து எழுதுங்க. மூடினதும் ஒரு நிமிஷம் ஒண்ணும் வராம தவிப்பா இருக்கும், அப்ப உடனே தொறந்து பாத்துராதீங்க, அந்தத் தவிப்புலதான் பாடம் உள்ள எறங்குது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கினு அமெரிக்காவுல ரெண்டு பேரு காலேஜ் பசங்களை வெச்சு இதை சோதிச்சுப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப பாக்காம எழுதிப் பழகினவங்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, திரும்பப் படிச்சவங்களுக்கு 42தான். ராத்திரி முழுக்க வாசிச்சுட்டு அடுத்தநாள் பரீட்சை எழுதினா சமாளிச்சுடலாம், டிசம்பர்ல வர்ற கிறிஸ்மஸ் பரீட்சைக்கு அதே பாடம் புதுசா தெரியறது இதனாலதான்.

ரெண்டாவது, இடைவெளி விடுங்க. இன்னைக்கு எழுதினதை நாளைக்கு ஒரு தடவை, மூணு நாலு நாள் கழிச்சு ஒரு தடவை, அடுத்த வாரம், அப்புறம் ஒரு மாசம் கழிச்சுன்னு பாக்காம சொல்லிப் பாருங்க. செவுத்துக் காலண்டர்ல அந்தந்தத் தேதியில பாடத்தோட பேரை குறிச்சு வெச்சா போதும், வேற டைம்டேபிள் எல்லாம் வேண்டாம். ஜூன் ஜூலை மழையில கரண்ட் போச்சுன்னா அந்த நேரம் இதுக்குத்தான், இருட்டுல உக்காந்து வாயால சொல்லிப் பாக்கலாம், பஸ்ஸுக்கு நிக்கறப்பவும் பண்ணலாம்.

இப்ப நமக்கு மட்டும் இருக்கற ஒரு கஷ்டம். பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சுட்டு ப்ளஸ் ஒன் சயின்ஸ் போனா பொஸ்தகம் இங்கிலீஷ், கிளாஸ்ல பாதிக்கு மேல மலையாளம், நம்ம மண்டைக்குள்ள தமிழ். நான் போன புதுசுல ஃபிசிக்ஸ் மாஷ் (வாத்தியார்) த்வரணம் த்வரணம்னு சொல்லிட்டே கணக்குப் போட்டாரு, நான் ஒண்ணும் புரியாம ரெண்டு வாரம் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், ராத்திரி அழுதிருக்கேன். கடைசியில பக்கத்துல இருந்த மலையாளத்துப் பொண்ணு வரைஞ்ச கிராஃபைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது அது நம்ம முடுக்கம்னு, அந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஏற்கனவே வரும். அன்னைக்கு ஒரு நோட்டுல மூணு கோடு போட்டு ஆரம்பிச்சேன்: முடுக்கம், த்வரணம், ஆக்ஸிலரேஷன். திசைவேகம், ப்ரவேகம், வெலாசிட்டி. உராய்வு, கர்ஷணம், ஃப்ரிக்‌ஷன். உந்தத்துக்கு மலையாளத்துல ஆக்கம்னு சொல்றாங்க, நமக்கு ஆக்கம்னா வேற அர்த்தம், இந்த மாதிரி குழப்பற வார்த்தையை வட்டம் போட்டு வைங்க. இந்த நோட்டை ஒம்பதாவதுலயே ஆரம்பிச்சா இன்னும் நல்லது. தெனமும் அஞ்சு வார்த்தை, ஒரு பக்கத்தைக் கையால மறைச்சுட்டு மத்த ரெண்டையும் சொல்லணும். பதில் எழுதிப் பழகறப்ப முதல்ல தமிழ்ல பாக்காம எழுதுங்க, விஷயம் சரியா வந்துச்சுன்னா அதையே மூணு வரி இங்கிலீஷ்ல எழுதுங்க. விஷயம் தெரியலையா வார்த்தை தெரியலையான்னு அப்பவே பிரிஞ்சு தெரிஞ்சிடும், ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எனக்கு மண்டையில ஏறாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

கணக்குக்கு ஒண்ணு சொல்லிடறேன், போட்டுக் காட்டின கணக்கை படிக்காதீங்க, விடையை மறைச்சுட்டு நீங்களே போடுங்க. ஒரே பாடத்துல இருபது போடறதை விட கூட்டுத் தொடர்வரிசையில ரெண்டு, வட்டத்துல ரெண்டுன்னு கலந்து போட்டா எந்தக் கணக்குக்கு எந்த வழின்னு கண்டுபிடிக்கற பழக்கம் வரும், பரீட்சையில கஷ்டமே அதுதானே.

பழைய கேள்வித்தாளை கடிகாரம் வெச்சு எழுதுங்க. எஸ்எஸ்எல்சியில ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி ஒவ்வொண்ணும் 40 மார்க், ஒன்றரை மணி நேரம்தான். முன்னாடி கேள்வியைப் படிச்சுப் பாக்க மட்டும் குடுக்கற 15 நிமிஷ கூல் ஆஃப் டைமை சும்மா விடாம, நல்லாத் தெரிஞ்ச கேள்வி எதெது, எதை முதல்ல எழுதறதுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கோங்க, வீட்டுலயும் அதே மாதிரி 15 நிமிஷம் வெச்சுப் பழகுங்க. படிக்கறப்ப போன் அடுத்த ரூம்ல இருக்கட்டும், கமுத்தி வெச்சாலும் மனசு அங்கயேதான் போகும். பரீட்சைக்கு முந்தின நாள் தூங்காம படிக்கவே படிக்காதீங்க.

அம்மா அப்பாங்களுக்கு ஒண்ணு. "படிச்சியா படிச்சியா"ன்னு கேக்காதீங்க, "இன்னைக்குப் படிச்சதை எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க. உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாட்டியும் பரவால்ல. எங்க அம்மா தோப்பு வேலைக்குப் போயிட்டு வந்து அடுப்படியில உக்காந்து கேப்பாங்க, நான் ரத்த ஓட்டத்தைச் சொல்லுவேன், நடுவுல "அந்த ரத்தம் திரும்ப எப்படி மேல ஏறுது?"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க, பதில் தெரியாம எந்திரிச்சுப் போய் பொஸ்தகத்தைத் தொறந்தேன். ரத்தம் திரும்பக் கீழ எறங்கிடாம தடுக்க சிரைக்குள்ள வால்வு இருக்கறது இன்னைக்கும் எனக்கு மறக்கல.