பழைய சைக்கிள் வாங்கும்போது பிரேமைச் சோதிப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பழைய சைக்கிள் கைமாறும்போது பேச்சு பெரும்பாலும் டயர், பிரேக், பெயின்ட் ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. இவற்றைப் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ உள்ள எந்தச் சைக்கிள் கடையிலும் ஒரே மாலையில் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் அப்படியல்ல, அது கோணியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ மற்ற உறுப்புகள் அனைத்தும் புதியவையாக இருந்தும் பயனில்லை. எனவே வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு நூல்கண்டு, ஓர் அளவுகோல், ஒரு சிறு காந்தம், கொஞ்சம் பழந்துணி, கைப்பேசியின் விளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு வழங்கிய வண்டி வீட்டில் சும்மா நிற்கிறது, அதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலில் பிரேமின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி விற்பனைக்குக் கொண்டுவந்த ரோவர் சைக்கிளுக்குப் பின், சில ஆண்டுகளுக்குள்ளேயே நிலைபெற்ற வடிவம்தான் இன்றும் நம் தெருக்களில் ஓடுகிறது. மேல்பார், கீழ்க்குழாய், சீட் குழாய், கைப்பிடித் தண்டைத் தாங்கும் ஹெட் குழாய் ஆகிய நான்கும் சேர்ந்து முன்பகுதியாகின்றன. சீட்டுக்குக் கீழிருந்து இறங்கும் இரட்டைக் குழாய்களும், பெடல் அச்சுக் கூட்டிலிருந்து பின்சக்கரம் வரை செல்லும் இரட்டைக் குழாய்களும் பின்பகுதியாகின்றன. இரண்டு பகுதிகளும் ஏறத்தாழ முக்கோண வடிவம் கொண்டவை. முக்கோணத்தின் பக்கங்கள் நீளம் மாறாதவரை அதன் உருவம் மாறாது. அதனால் இந்த அமைப்பில் சுமை பெரும்பாலும் குழாய்களை நீளவாக்கில் இழுக்கிறது அல்லது அழுத்துகிறது, குறுக்கே வளைப்பது குறைவு. பெண்களுக்கான வண்டியில் மேல்பார் சரிந்து இறங்குவதால் முன்பகுதி திறந்துபோகிறது. ஏறி இறங்க வசதி கிடைக்கிறது, ஆனால் பெருஞ்சுமை ஏற்றினால் வண்டி சற்று முறுக்கிக் கொடுக்கும். பால் கேன் கட்டிச் செல்ல நினைப்பவர் மேல்பார் உள்ள வண்டியையே எடுப்பது நல்லது.

அடுத்து உலோகம். காந்தத்தைக் கீழ்க்குழாயில் வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். கண்ணால் மட்டும் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. அலுமினியம் எடையில் எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் அது தொய்யும். அதைச் சரிக்கட்டவே குழாயின் விட்டத்தைப் பெரிதாக்குகிறார்கள்: சுவரின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எடை 2 மடங்காகும், வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறத்தாழ 8 மடங்காகும். இந்தக் கணக்கினால்தான் நல்ல அலுமினிய வண்டிகளுக்குத் தடித்த குழாய்கள் வந்தன. அந்தத் தோற்றத்துக்கு மவுசு கூடியதும், விலை குறைந்த எஃகு வண்டிகளிலும் அதே தடித்த குழாய்களைப் போட்டார்கள். அவற்றில் எடை ஏறியதே தவிர வேறு நன்மை எதுவும் இல்லை. மலைப்பாதை வண்டி போன்ற தோற்றமும் ஸ்டிக்கரும் கொண்ட ஒன்றில் காந்தம் ஒட்டிக்கொண்டால், அலுமினிய வண்டிக்கு உரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு எஃகுதான் பொருத்தம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் பழுதுபார்க்கும் வசதி. பழைய கறுப்பு வண்டிகளில் குழாய்கள் கூடும் இடத்தில் ஓர் உறை இருக்கும். அதற்குள் குழாயைச் செருகி, உருகிய பித்தளையை ஓடவிட்டு ஒட்டியிருப்பார்கள். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே பித்தளை உருகிவிடுவதால் குழாய் கெடுவதில்லை. அந்த ஒட்டு விட்டுப்போனால், கேஸ் வெல்டிங் தெரிந்த ஒருவர் பித்தளைக் கம்பி வைத்து மீண்டும் ஒட்டிவிடலாம். கரண்ட் வெல்டிங் இதற்கு ஆகாது. மெல்லிய குழாயில் அது ஓட்டை போட்டுவிடும். அலுமினியத்தின் நிலை வேறு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஆர்கான் வெல்டிங் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் ஒட்டவைக்க ஆள் கிடைக்கும். ஆனால் சைக்கிளுக்குப் பெரிதும் பயன்படும் 6061 வகை அலுமினியம் பற்றவைத்த இடத்தைச் சுற்றி மென்மையாகிவிடுகிறது. தொழிற்சாலையில் பிரேம் முழுவதையும் சூளையில் வைத்துப் பதப்படுத்தித்தான் அந்த வலிமையை மீட்கிறார்கள். தெருப்பட்டறையில் அது நடக்காது. விரிசல் விட்ட அலுமினிய பிரேமை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி விரிசலைத் தேடுவோம். ஈரத் துணியால் குழாய் கூடும் ஒவ்வோர் இடத்தையும் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் ஒளியில் மயிரிழை விரிசல் தெரியாது. முதலில் பார்க்க வேண்டிய இடம் ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்புறம். வண்டி முன்னால் எதிலாவது மோதியிருந்தால் அங்கே குழாய் லேசாகப் புடைத்து, விரலால் தடவும்போது ஒரு சுருக்கம் தட்டுப்படும். சுருக்கத்தின் மேல் பெயின்ட் வெடித்து, அதனுள் துரு கோடாக ஓடியிருந்தால் உலோகமே மடிந்திருக்கிறது என்று கொள்ளலாம். குழாயின் நடுவில் உள்ள சிறு பள்ளத்தைவிட, மூட்டருகே உள்ள இத்தகைய மடிப்புதான் ஆபத்தானது, ஏனெனில் விசை குவிவது மூட்டில்தான். 1897-இலேயே ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் நுனிகள் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் உள்ள குழாய்க்குக் காப்புரிமை பெற்றதும் இதே காரணத்தால்தான்.

பிறகு சீட் குழாயின் தலைப்பைப் பாருங்கள். சீட் கம்பியை அளவுக்கு மீறி உயர்த்தி ஓட்டியிருந்தால், நெம்பு விசையால் அங்கே பிளவு விழும். கம்பியின் அடிநுனி மேல்பார் சேரும் இடத்துக்குக் கீழே வரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பின்சக்கர அச்சு அமரும் பிளவுகளைச் சுற்றியும் பாருங்கள். ஸ்டாண்டை இறுக்கிப் பூட்டிய இடத்தில் பின்குழாய்கள் நசுங்கியிருக்கலாம். கேரியருக்காக யாரோ குழாயின் மேலேயே பற்றவைத்திருக்கலாம். பெடல் ஆடினால் உடனே பிரேமைக் குறை சொல்லாதீர்கள்; பால்ரஸ் தேய்ந்திருந்தாலும் அது ஆடும். ஆனால் அந்தப் பால்ரஸைத் தாங்கும் கப்பே பெடல் அச்சுக் கூட்டுக்குள் சுற்றினால், கூட்டின் மரை போய்விட்டது என்று பொருள். அது பிரேமின் குறைதான்.

அடுத்தது நூல் சோதனை. இதில் அவசரம் வேண்டாம். பின்சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் கொள்ளலாம். நூலின் ஒரு நுனியை இடப்பக்க அச்சுப் பிளவில் கட்டி, சீட் குழாயைத் தொடாமல் அதன் இடப்புறமாக முன்னே கொண்டுபோய், ஹெட் குழாயை முன்புறமாகச் சுற்றி, வலப்புறமாகத் திருப்பிக் கொண்டுவந்து, வலப்பக்கப் பிளவில் அதே இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு புறமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பின்பகுதி நடுக்கோட்டில் இருக்கிறது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. அதற்கு மேல் போனால் பின்பகுதி ஒரு புறம் ஒதுங்கியிருக்கிறது. நூல் எங்காவது குழாயிலோ செயின் வட்டிலோ உரசினால் அளவு பொய்யாகும் என்பதால் முழு நீளத்தையும் ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

சக்கரத்தை மாட்டியபின் அது ஒரு பக்கக் குழாயை நெருங்கி நின்றால், குற்றம் ரிம்மில் இருக்கிறதா பிரேமில் இருக்கிறதா என்ற ஐயம் எழும். சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். நெருக்கமும் பக்கம் மாறினால் ரிம் நடுவில் இல்லை, போக்ஸ் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். பழைய பக்கத்திலேயே நெருங்கி நின்றால் பிரேம்தான் கோணல். இறுதியாக, தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் வண்டியை ஏற்றி நேராக ஓட்டிப் பாருங்கள். இரண்டு டயர்களின் ஈரத் தடமும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். இரண்டு கோடுகளாகப் பிரிந்து சென்றால் வண்டி நண்டு போல ஓரமாக நடக்கிறது என்று அறியலாம்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்போர்க்கைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். வளைவு தொடங்கும் வரையுள்ள மேல்பகுதி, சாதாரண வண்டிகளில் ஹெட் குழாயின் தொடர்ச்சியாக ஒரே கோட்டில் இறங்க வேண்டும். பின்னோக்கி மடங்கியிருந்தால் வண்டி மோதியிருக்கிறது; திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் படவும் கூடும். போர்க் தனியாகக் கிடைக்கும் என்பதால் இதற்காக வண்டியையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதே மோதலில் கீழ்க்குழாயும் மடிந்ததா என்று மறுபடி பாருங்கள். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே நீண்ட தூரமும் சாய்ந்த ஹெட் குழாயும் கொண்ட பழைய கறுப்பு வண்டி தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் கைப்பிடி நடுங்காமல் இறங்கும். நிமிர்ந்த கோணம் கொண்ட வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் இறக்கத்தில் கூடுதல் கவனம் கேட்கும். பிரேம் கோணியிருந்தால் எந்த வகை வண்டியும் ஒகேனக்கல் இறக்கத்துக்கு ஏற்றதல்ல.

அளவைப் பொறுத்தவரை, செருப்பில்லாமல் மேல்பாரின் இரு புறமும் கால் ஊன்றி நின்றால் கவட்டுக்கும் பாருக்கும் இடையில் 3 முதல் 5 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் எந்த அளவு வண்டியையும் ஓட்டிவிடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் தினமும் பள்ளிக்கோ வேலைக்கோ போகும் வண்டியில் சட்டென்று கால் ஊன்ற முடியாவிட்டால் சாலையில் ஆபத்து. சீட்டின் உயரத்தை ஏற்றி இறக்கலாம். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் உள்ள நீளத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. ஆகவே உட்கார்ந்து, கைகளை நீட்டிப் பிடித்து, முழங்கை லேசாக மடங்குகிறதா என்றும் பாருங்கள்.

எஃகு வண்டியை வாங்கி வந்ததும் சீட் கம்பியை உருவி, விளக்கை உள்ளே அடித்துத் துருவைப் பாருங்கள். மழைநீர் சீட் குழாய் வழியே இறங்கிப் பெடல் அச்சுக் கூட்டில்தான் தேங்கும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் நிமிர்த்தி, சீட் குழாய்க்குள் சிறிது எண்ணெய் விட்டு, வண்டியை நாலாபுறமும் சாய்த்து உட்சுவரில் பரவச் செய்யுங்கள். கம்பிக்குக் கிரீஸ் தடவிவிட்டு மீண்டும் செருகுங்கள். தடவாமல் விட்டால் ஓரிரு மழைக்காலத்துக்குள் அது குழாயோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும்.