ராட்சத நீர்ப்பூச்சி: பார்ப்பவர்களும் வளர்ப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளத்துத் தண்டு ஒன்றில் காய்ந்த இலை தலைகீழாக ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் அதற்குக் கண்கள் இருக்கும். வயிற்றின் நுனி மட்டும் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்க, முன்னங்கால்கள் மடக்குக் கத்திபோல் பாதி விரிந்து நிற்கும். தலைப்பிரட்டை ஒன்று எட்டும் தூரத்துக்கு வந்ததும் அவை சட்டென்று மூடிக்கொள்ளும். பெலோஸ்டோமாட்டிடே குடும்பத்தைச் சேர்ந்த ராட்சத நீர்ப்பூச்சி வேட்டையாடுவது இப்படித்தான். இக்குடும்பத்தில் ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ளவையும் உண்டு, தென் அமெரிக்காவில் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்பவையும் உண்டு.

இதைப் பற்றிய தவறான எண்ணங்களால் சில நேரம் நம் விரலுக்கு வலி வரும். ஆனால் பெரும்பாலும் அழிவது பூச்சியின் சந்ததிதான். அதனால் முட்டைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

வண்டு என்று நினைப்பது

தட்டையான பழுப்பு உடலைப் பார்த்துக் கரப்பான் என்பார்கள், இல்லாவிட்டால் நீர்வண்டு என்பார்கள். இது இரண்டும் இல்லை, மூட்டைப்பூச்சிக்கு உறவான நாவாய்ப்பூச்சி வகை. வண்டின் கெட்டியான முன்சிறகுகள் முதுகின் நடுவே நேர்கோட்டில் சந்திக்கும். இதன் சிறகுகளோ ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நுனியில் சவ்வுபோல் இருக்கும். வண்டுக்குக் கடித்து மெல்லும் தாடை. இதற்குத் தலைக்கடியில் மடங்கியிருக்கும் கூர்மையான குழல்வாய். வண்டின் குஞ்சு புழுவாக இருக்கும். இதன் குஞ்சு சிறகில்லாத சின்னப் பெரியவர் மாதிரியே இருந்து, ஐந்து முறை தோலுரித்து வளரும்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் அடுத்த தவறும் விலகிவிடும். இது இரத்தம் மட்டும் உறிஞ்சும் பூச்சி அல்ல. குழல்வாயால் குத்தி, நொதிகள் நிறைந்த எச்சிலை இரையின் உடலுக்குள் செலுத்தும். உள்ளே தசை கரைந்து கூழானதும் அதை உறிஞ்சும். தண்ணீரில் வெறும் தோல்பைபோல் மிதக்கும் தவளையைப் பார்த்து ஏதோ நோய் என்று பலர் கலங்குவார்கள். அது இதன் சாப்பாட்டு மிச்சமாக இருக்கலாம். மீன், நத்தை, பிற பூச்சிகள் மட்டுமல்ல, ஜப்பானில் வாழும் பெரிய இனம் ஒன்று சிறு பாம்பையும் ஆமைக்குஞ்சையும் தின்றது பதிவாகியிருக்கிறது.

வாலுக்குப் பயந்து வாயை மறப்பது

பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கொடுக்கு என்று நினைத்து, தலைப்பக்கம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் இருப்பது மூச்சுவிடும் உறுப்பு. அதை நீர்ப்பரப்பில் நீட்டி இழுக்கும் காற்று சிறகுக்கடியில் சேமிக்கப்படும். வலி தரும் ஆயுதம் முன்பக்கம் இருக்கிறது.

அசையாமல் விறைத்துக் கிடந்தால் செத்துவிட்டது என்றும் நம்பக் கூடாது. ஆபத்து வந்தால் செத்ததுபோல் கிடப்பது இதன் வழக்கம். கையில் எடுத்த பிறகு உயிர் வரும், அப்போது குத்தும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் வலையோ டப்பாவோ போதும். குத்திவிட்டால் வலி கடுமையாக இருக்கும், இடம் வீங்கும், ஆனால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

முதுகில் முட்டை இருந்தால் தாய் என்று முடிவுகட்டுவது

பெலோஸ்டோமா, அபிடஸ், டிப்லோனிகஸ் போன்ற பேரினங்களில், சில பூச்சிகளின் முதுகு முழுக்க முட்டைகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். சுமப்பது அப்பா. அறிவியலாளர்களே நெடுநாள் அதைப் பெண் என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1899இல் ஃப்ளோரன்ஸ் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர், சுமப்பவை ஆண்களே என்று காட்டினார். ஆனால் பெண் வலுக்கட்டாயமாகச் சுமத்துகிறது, ஆண் வேண்டாவெறுப்பாகச் சுமக்கிறது என்று அவர் கருதினார். 1970களில் ராபர்ட் ஸ்மித் அபிடஸ் பூச்சிகளை ஆராய்ந்தபோதுதான் கதை தலைகீழானது. முதலில் இணை சேராமல் ஆண் முட்டையிடவே விடுவதில்லை. சில முட்டைகள் விழுந்ததும் நிறுத்தி, மறுபடி இணை சேர்ந்து, அப்புறம்தான் மீதிக்கு இடம் கொடுக்கிறது. தான் சுமப்பது தன் பிள்ளைகள்தான் என்று உறுதிசெய்துகொள்ள அதற்கு இருக்கும் வழி அது.

ஏன் இவ்வளவு சிரமம்? முட்டைகள் பெரியவை. பெரிய முட்டைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், ஆனால் தண்ணீரில் அது மிக மெதுவாகத்தான் பரவும். முழுக்க மூழ்கியே இருந்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும், வெளியே கிடந்தால் காய்ந்து சாகும். ஆகவே அப்பா நீர்ப்பரப்புக்கு வந்து முதுகைக் காற்றில் காட்டுகிறது, தண்ணீருக்குள் உடலை மேலும் கீழும் அசைத்து முட்டைகளின்மேல் புது நீர் ஓடவைக்கிறது. குஞ்சு பொரியும்வரை இந்த வேலைதான். இதைப் பொறுமையாகப் பார்த்த யாருக்கும் இந்தப் பூச்சியை நசுக்க மனம் வராது என்று நான் நம்புகிறேன்.

இங்கேதான் மோசமான தவறு நடக்கிறது. ஒட்டுண்ணி பிடித்திருக்கிறது, பாவம் என்று அந்த முட்டைகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். முதுகிலிருந்து பிரித்த முட்டை அநேகமாகப் பொரிக்காது. உண்மையான ஒட்டுண்ணியும் உண்டு, நீர்ச்சிலந்திப்பேன்களின் குஞ்சுகள். அவை பெரும்பாலும் சிவப்பாக, உடலில் அங்கங்கே சிதறி ஒட்டியிருக்கும். முட்டைகளோ முதுகில் மட்டும், ஒரே அளவில், நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். சந்தேகமிருந்தால் தொடாமல் விடுவதே சரி.

லெத்தோசெரஸ் போன்ற பெரிய பேரினங்கள் முதுகில் முட்டையிடுவதில்லை. நீருக்கு மேலே நீட்டியிருக்கும் தண்டில் கொத்தாக இடும். அப்பா அடிக்கடி ஏறிவந்து, உடலில் ஒட்டிய நீரால் முட்டைகளை நனைக்கும். அந்தத் தண்டை ஒடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டுவைப்பது முட்டைகளைக் கொல்வதற்குச் சமம். ஒரு பூச்சி அந்த முட்டைக் கொத்தைப் பிய்த்தெறிவதைப் பார்த்தால், அப்பாவே அழிக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ஜப்பானிய இனத்தில் வேறொரு பெண் வந்து முட்டைகளை அழித்து, காவலிருந்த ஆணோடு தானே இணைசேருவது கண்டறியப்பட்டிருக்கிறது.

தொட்டியில் வளர்ப்பவர்கள்

மீன்களோடு போடக் கூடாது, இரண்டு பூச்சிகளை ஒரே தொட்டியில் விடக் கூடாது, குஞ்சுகளைக் கட்டாயம் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றையொன்று தின்னும். ஆழமான நீரில் பிடிப்பேதும் இல்லாமல் விடுவது பலர் கவனிக்காத தவறு. நீர்ப்பரப்பை எட்டும் குச்சியோ செடியோ இல்லாவிட்டால் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். மூடியும் வேண்டும், நன்றாகப் பறக்கும்.

மருந்தடித்துத் தீர்த்துவிடலாம் என்பது

மீன்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு இது உண்மையிலேயே எதிரி. நாற்றங்கால் குளத்தில் குஞ்சு விடும் முன் எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை நீர்ப்பரப்பில் படரவிடுவது பழைய முறை. மேலே வந்து மூச்சுவிடும் பூச்சிகள் அதில் திணறிச் சாகும். வளர்ப்புக் குளத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. இயற்கைக் குளத்தில் அதையே செய்தால் நீர்வண்டு, நீர்த்தேள் எல்லாம் சேர்ந்து போகும். பூச்சிக்கொல்லி இன்னும் மோசம். டிப்லோனிகஸ் போன்ற சிறிய இனங்கள் கொசுப்புழுக்களை நிறையத் தின்பவை. மருந்துக்குப் பிறகு கொசு சில நாட்களில் திரும்பி வரும், மெதுவாகப் பெருகும் வேட்டைப்பூச்சிகள் வர வெகுகாலம் ஆகும்.

தரையில் பார்த்ததும் தண்ணீரில் தூக்கிப்போடுவது

இரவில் விளக்கடியில் கிடந்தால் அது ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பறந்தபோது வெளிச்சத்தால் திசைமாறியது. பறக்கும் முன் சிறகுத்தசைகளை நடுக்கிச் சூடேற்ற வேண்டும் என்பதால் சட்டென்று கிளம்பாது, சாலையில் நசுங்கும். டப்பாவில் எடுத்து, மீன் வளர்க்காத குளத்தின் ஓரத்தில் விட்டால் போதும்.

ஓடைக்கரையில் நடந்துபோவது வேறு விஷயம். அமெரிக்காவின் அரிசோனா பாலைநில ஓடைகளில் வாழும் அபிடஸ் ஹெர்பெர்டி பறக்காது. பலத்த மழை தொடர்ந்து மேலே விழுந்தால், வெள்ளம் வருவதற்கு முன்பே ஓடையை விட்டு வெளியேறி, கரையில் மேட்டை நோக்கி நடக்கும். டேவிட் லைட்டில் 1999இல் இதைச் சோதனை செய்தே காட்டினார். அந்த நேரத்தில் பாவப்பட்டு அதைத் திரும்ப ஓடையில் விடாதீர்கள். வெள்ளம் வடிந்தபின் அதுவே திரும்பிப் போகும்.